டிவியில் பொங்கல்: வாசகர் கேள்விகளும் நம் பதில்களும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலையில் பிள்ளைகள் கையில் ரிமோட் வந்துவிடும், காணும் பொங்கல் வரைக்கும் அது கீழே இறங்காது. அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பண்டிகைக்கால டிவி நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: பொங்கலுக்கு "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக" என்று வாரக்கணக்கில் முன்னோட்டம் போடுகிறார்கள். அந்தப் படத்தை என் மகன் போனில் எப்போதோ பார்த்து முடித்துவிட்டான். அப்புறம் எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? (வாசகர், விருதுநகர்)

ப: ஒரு படத்தை வீட்டில் காட்டும் உரிமையை இப்போது இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். டிவிக்குப் போவது சாட்டிலைட் உரிமை, ஓடிடிக்குப் போவது டிஜிட்டல் உரிமை. முன்பு முதலாவது மட்டும்தான் இருந்தது, ஆகவே தியேட்டரை விட்டு இறங்கிய படம் அடுத்து எங்கே வரும் என்றால் டிவியில்தான், அதுவும் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ புத்தாண்டுக்கோதான். தியேட்டருக்குப் போக வசதியில்லாத குடும்பங்கள், ஊரில் தியேட்டரே இல்லாத கிராமங்கள், எல்லாரும் அந்த ஒரு மாலைக்காகக் காத்திருந்தார்கள். இப்போது நிறைய படங்கள் தியேட்டருக்கு வந்த நான்கு வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடுகின்றன. அதைவிட வேகமாகப் போனதும் உண்டு. 'மாஸ்டர்' படம் 2021 ஜனவரி 13 அன்று பொங்கலுக்குத் தியேட்டரில் வந்தது, ஜனவரி 29 அன்று அமேசான் பிரைமில் வந்துவிட்டது. டிவி அதற்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

அப்படியிருந்தும் சேனல்கள் ஏன் காசு கொடுத்து வாங்குகின்றன? ஓடிடி இல்லாத வீடுகள் இன்னும் ஏராளம், அதுதான் காரணம். சந்தா கட்ட முடியாதவர்கள், ஐந்து பேருக்கு ஒரே போன் உள்ள வீடு, செயலியைத் திறந்து தேடிப் பார்க்கத் தெரியாத முதியவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்தப் படம் உண்மையிலேயே முதல்முறைதான். உங்கள் மகன் பார்த்துவிட்டான், சரி. உங்கள் அம்மா பார்த்தாரா? அவருக்காகத்தான் அந்த முன்னோட்டம்.

ஆனால் இதில் ஒரு வாய்ப்பும் இருந்தது, அதைச் சேனல்கள் நழுவவிட்டுவிட்டன என்பது என் வருத்தம். கொரோனா காலத்தில் தியேட்டர்கள் முடங்கியபோது சில படங்கள் நேராக டிவியிலேயே வெளியாயின. 2020 தீபாவளிக்கு 'நாங்க ரொம்ப பிஸி', 2021 பொங்கலுக்குப் 'புலிக்குத்தி பாண்டி', இரண்டும் சன் டிவியில். அதே 2021 ஏப்ரலில் விஜய் டிவியில் 'மண்டேலா' நேரடியாக வந்தது. ஒரு ஓட்டுக்காக இரண்டு வேட்பாளர்களும் ஒரு முடிதிருத்தும் தொழிலாளியைச் சுற்றிவரும் கதை. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் என்று இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. டிவியில் முதலில் வந்த படம் என்பதால் அதன் மதிப்பு துளியும் குறையவில்லை. அந்த வழியை விடாமல் பிடித்திருந்தால், இன்றைக்குப் பொங்கல் அன்று வேறு எங்கேயும் பார்க்க முடியாத ஒரு நல்ல சிறு படத்தை ஊரே சேர்ந்து பார்த்திருக்கும்.

கே: பட்டிமன்றத்தை இன்னமும் யாராவது பார்க்கிறார்களா? (வாசகி, கோவை)

ப: நான் பார்க்கிறேன். என்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள் என்பதால்தான் அத்தனை ஆண்டுகளாகப் பண்டிகைக் காலையில் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. மங்கள இசை, ஆன்மிகச் சொற்பொழிவு, பிறகு பட்டிமன்றம், அது முடிந்ததும் படம் என்ற வரிசை பல வீடுகளில் பண்டிகைக் காலையின் கடிகாரமாகவே ஆகிப்போயிருக்கிறது.

டிவி வந்து பட்டிமன்றத்தை உண்டாக்கவில்லை. கோயில் திருவிழாக்களிலும் இலக்கிய மன்றங்களிலும் அது ஏற்கெனவே செழித்திருந்தது. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த காலத்தில் கண்ணகியா மாதவியா என்று விடியவிடிய ஊர்மக்கள் கேட்டார்கள். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் போன்ற அமைப்புகள் அந்த ரசனையை வளர்த்தன. அங்கிருந்து அதை நடுவீட்டுக்குள் கொண்டுவந்தவர் சாலமன் பாப்பையா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், திருக்குறளுக்கு உரை எழுதியவர், 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இவ்வளவு படித்தவர் அந்த மதுரைப் பேச்சை மேடையில் விட்டுக்கொடுக்கவே இல்லை, அதுதான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது. அவர் பேசும்போது நம் தெருவில் உள்ள பெரியவர் ஒருவர் நியாயம் சொல்கிற மாதிரி இருக்கும். ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில் நின்று வாதாடும்போது, போன அணி சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்த மனசு பத்து நிமிடத்தில் இந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு விஷயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் முழுசாகக் கேட்ட பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் பழக்கிக் கொடுத்த நிகழ்ச்சி அது. செய்திச் சேனல் விவாதங்களில் ஒருவர் வாயை ஒருவர் அடைக்கிறதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் அருமை தெரியும்.

குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மனைவியைக் கேலி செய்து கைதட்டு வாங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை. காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து கோலம் போட்டு, பொங்கல் வைத்து, எல்லாருக்கும் இலை போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து டிவி பார்க்கிற பெண்ணுக்கு முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம். தலைப்புகளும் கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, அந்தக் காலமா இந்தக் காலமா என்று சுற்றிச்சுற்றி அங்கேயே நிற்கின்றன. விவசாயத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்துக்கு லாபமா நஷ்டமா என்று ஒரு பொங்கலுக்குப் பேசட்டுமே. பொங்கலுக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு எது?

கே: இரண்டரை மணி நேரப் படம் நான்கு மணி நேரம் ஓடுகிறது. விளம்பரத்துக்கு அளவே கிடையாதா? விளம்பரம் வந்ததும் சத்தம் வேறு காதைப் பிளக்கிறது. (வாசகர், சேலம்)

ப: அளவு எழுத்தில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம்தான் விளம்பரம். அதிலும் 10 நிமிடம் வியாபார விளம்பரம், 2 நிமிடம் சேனல் தன் சொந்த நிகழ்ச்சிகளுக்குப் போட்டுக்கொள்வது. கணக்குப் பார்த்தால் 150 நிமிடப் படம் மாலை 6.30க்கு ஆரம்பித்தால் 9.40க்குள் முடிந்துவிட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் இதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தது, சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின, கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இடைக்காலப் பாதுகாப்புக் கிடைத்தது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பண்டிகை நாள் என்பது ஜவுளிக்கடை, நகைக்கடை, வீட்டுச் சாமான் கடை எல்லாம் சேர்ந்து பணம் கொட்டுகிற நேரம். அதனால் அந்த நாளில் எல்லை மீறுவது பழக்கமாகிவிட்டது.

சத்தத்துக்கும் விதி உண்டு. விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி உரக்க இருக்கக் கூடாது என்று அதே விதிகளில் விளம்பர நெறிகளோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நெறிமுறையை மீறினால் புகார் கொடுக்கலாம். 2021இல் விதிகளைத் திருத்தியபோது, பார்வையாளர் புகார் கொடுத்தால் சேனல் 24 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். அதில் திருப்தியில்லை என்றால் மேலே சுய ஒழுங்குமுறை அமைப்புக்குப் போகலாம். நாள், நேரம், சேனல், என்ன விளம்பரம் என்று குறித்து எழுதுங்கள். நூறு பேர் எழுதினால் நிச்சயம் அசைவார்கள். வீட்டில் உட்கார்ந்து திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம்.

கே: தியேட்டரில் பார்த்த ஒரு முக்கியமான காட்சி டிவியில் இல்லவே இல்லை. யார் வெட்டுகிறார்கள்? (வாசகர், திருச்சி)

ப: இரண்டு இடத்தில் வெட்டு விழும். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே டிவியில் போட அனுமதி இல்லை, ஆகவே தயாரிப்பாளர் சில காட்சிகளை எடுத்துவிட்டுத் தணிக்கை வாரியத்திடம் மறுபடியும் சான்றிதழ் வாங்கிச் சேனலுக்குக் கொடுப்பார். 2024இல் வந்த புது விதிகளில் 'யுஏ' சான்றிதழையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள், பிள்ளைகளோடு பார்க்கிற பெற்றோர் அந்த எண்ணைக் கவனித்தால் நல்லது. இன்னொரு வெட்டு சேனலில் விழுவது. குறித்த நேரத்துக்குள் படம் அடங்க வேண்டும் என்று பாட்டையோ நீளமான காட்சியையோ எடுத்துவிடுவார்கள். முதலாவது சட்டம், அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது, விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காகப் படத்தைக் குறைப்பது. ஒரு படத்தை எடுத்தவர்களுக்குச் செய்கிற அவமரியாதை அது.

கே: தாத்தா காலத்தில் பொங்கலுக்கு டிவியில் என்ன போட்டார்கள்? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

ப: உங்கள் தாத்தாவிடமே முதலில் கேளுங்கள், நிறைய சொல்லுவார். நானும் கொஞ்சம் சொல்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டித்தான் வந்தது. அப்போது தெருவுக்கு ஒரு டிவி, அந்த வீட்டுத் திண்ணையிலும் ஜன்னலிலும் ஊரே நிற்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு படம், இவைதான் வாரத்தின் பெரிய விஷயங்கள். பண்டிகை என்றால் நாதஸ்வரம், கிராமியக் கலைகள், ஒரு நாடகம், நடிகர் ஒருவரின் வாழ்த்து. நேரம் குறைவு, ஆனால் அந்த நேரத்தில் வேறு எதுவும் ஓடாது என்பதால் எல்லாரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து, மறுநாள் எல்லாரும் அதையே பேசினார்கள்.

நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. தென் மாவட்டக் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவைத்து அதைத்தான் பலர் பார்த்தார்கள். சென்னை அலைவரிசை எட்டாத இடத்தில் கொழும்பு அலைவரிசை எட்டியது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் டிவியில் முதன்முதலாகப் பார்த்தது அக்கரை நிகழ்ச்சிகளாகவே இருக்கும்.

பிறகு 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அடுத்த ஆண்டு ராஜ் டிவி. ஒரு பண்டிகை நாளிலேயே தொடங்கிய சேனல்தான் பண்டிகையை டிவியின் மிகப் பெரிய நாளாக மாற்றியது. சிறப்புத் திரைப்படம், சிறப்புப் பட்டிமன்றம், நட்சத்திரப் பேட்டி என்று இன்றைக்கு எல்லாச் சேனலும் போடுகிற வரிசை அந்தத் தொண்ணூறுகளில் உருவானதுதான்.

கே: நட்சத்திரப் பேட்டிகள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றனவே? (வாசகி, வேலூர்)

ப: அவை பெரும்பாலும் படத்தின் விளம்பர வேலையில் ஒரு பகுதி. பொங்கலுக்குப் படம் வருகிறது என்றால் அந்தக் குழுவை உட்காரவைத்து நாள்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுவார்கள், ஒரே நாளில் ஒரே உடையில் நாலைந்து இடத்துக்குப் பேசுவதும் நடக்கும். அதனால் "படம் நல்லா வந்திருக்கு, குடும்பத்தோட வந்து பாருங்க" என்பதைத் தாண்டி எதுவும் வராது. இதற்குப் பதிலாக ஒளிப்பதிவாளர், சண்டைப் பயிற்சியாளர், பின்னணிக் குரல் கொடுப்பவர், ஒப்பனைக் கலைஞர் இவர்களில் ஒருவரை அரை மணி நேரம் பேசவைத்தால் எவ்வளவு புதிய விஷயம் கிடைக்கும்! சினிமாவை இத்தனை நேசிக்கிற ஊரில் அதை உருவாக்குகிற கைகளை ஒரு பண்டிகைக்காவது காட்டலாம்.

கே: பிரபல ஜோடி பிரிகிறார்களாமே, உண்மையா? ஒரு மூத்த நடிகர் பற்றியும் ஏதோ கேள்விப்பட்டேன். (பல வாசகர்கள்)

ப: அவர்கள் வாய் திறந்து சொல்லாத எதையும் இந்தப் பகுதியில் எழுத மாட்டேன். விடுமுறை நாள்களில் இந்த மாதிரி வீடியோக்கள் பெருகுவதற்குக் காரணம், அப்போது எல்லாரும் போனோடு இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவருக்கு மாலை போட்ட படத்தை முகப்பில் வைத்துப் பார்வைகள் சேர்க்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? அதைத் திறக்காதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பாதீர்கள்.

கே: கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகள் வரவரக் குறைந்துகொண்டே போகின்றன. எங்களுக்கெல்லாம் பண்டிகை இல்லையா? (வாசகி, நாகர்கோவில்)

ப: உங்கள் வருத்தம் நியாயமானது, சகோதரி. வேளாங்கண்ணியின் நள்ளிரவுத் திருப்பலியை மாதா தொலைக்காட்சி மாதிரியான கத்தோலிக்கச் சேனல்களில் பார்க்க முடிகிறது. ஆனால் பெரிய பொழுதுபோக்குச் சேனல்களில் ஒரு புதுப் படத்தையும் ஒரு வாழ்த்தையும் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். ரம்ஜானுக்கும் இதே கதைதான். குமரி மாவட்டத்தில் டிசம்பர் மாதம் முழுக்க வீடுவீடாகப் பாடிவருகிற கேரல் குழுக்கள், நட்சத்திரங்களும் குடில்களும் வைத்த தெருக்கள், முந்திரிக்கொத்து, இதையெல்லாம் ஒரு மணி நேரம் படம்பிடித்துக் காட்டினால் சென்னையில் இருப்பவரும் ஆசையாகப் பார்ப்பார். பண்டிகை நிகழ்ச்சி என்பதை ஸ்டூடியோவுக்குள்ளேயே செய்து முடிக்கிற வழக்கம்தான் இங்கே தடை. கேமராவை வெளியே எடுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பண்டிகை கிடைக்கும்.

கே: ஜல்லிக்கட்டு நேரலை எந்தெந்த நாளில் வரும்? வெளியூரில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைக்கவில்லை. (வாசகர், பெங்களூரு)

ப: தை முதல் நாள் அவனியாபுரம், மாட்டுப் பொங்கல் அன்று பாலமேடு, காணும் பொங்கல் அன்று அலங்காநல்லூர். மூன்றும் மதுரை மாவட்டம்தான், காலையிலேயே ஆரம்பித்துவிடும். தமிழ்ச் செய்திச் சேனல்கள் நேரலை போடுகின்றன, அவற்றின் யூடியூப் பக்கங்களிலும் பார்க்கலாம், ஆகவே அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையிலும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டது, மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று சொன்னது, இவ்வளவையும் தாண்டித்தான் இந்த நேரலை உங்கள் கைக்கு வருகிறது.

நேரலை வர்ணனையைக் கவனித்துக் கேளுங்கள். எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, என்ன பரிசு என்று வாடிவாசல் பக்கத்து ஒலிபெருக்கியில் சொல்கிற உள்ளூர்க்காரரின் குரல்தான் அதில் உயிர். சில சேனல்கள் அந்தக் குரலை அமுக்கிவிட்டு ஸ்டூடியோவிலிருந்து பேசுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று சேனல்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாடு பிடிக்கிறவர் யார், அவருக்கு என்ன தொழில், மாட்டை வளர்த்த அக்கா என்ன தீனி போட்டார் என்பதையும் இடையிடையே காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

கே: பிக் பாஸ் ஏன் எப்போதும் பொங்கல் நேரத்தில் முடிகிறது? (வாசகி, திருப்பூர்)

ப: எப்போதும் இல்லை. 2017இல் முதல் சீசன் ஜூன் மாதம் தொடங்கியது. கொரோனாவால் 2020இல் அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அதன் பிறகு அக்டோபர் தொடக்கம், ஜனவரி முடிவு என்பதே வழக்கமாகிவிட்டது. ஏழாவது சீசனின் இறுதி நிகழ்ச்சி 2024 ஜனவரி 14 அன்று நடந்தது. ஆயுத பூஜை, தீபாவளி, புத்தாண்டு, பொங்கல் என்று விளம்பரம் கொழிக்கிற மொத்தக் காலமும் ஒரே நிகழ்ச்சிக்குள் வந்துவிடுகிறதே, அதை யார் விடுவார்கள்?

கே: எங்கள் வீட்டில் யாருமே பார்க்காத நிகழ்ச்சி டிஆர்பியில் முதலிடமாம். எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? (வாசகர், ஈரோடு)

ப: 2015 முதல் 'பார்க்' (BARC) என்ற அமைப்பு இதைச் செய்கிறது. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்து டிவியோடு ஒரு மீட்டரை இணைத்திருக்கிறார்கள். சேனல்களின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புகிறார்கள், மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பொத்தான். வாரம் என்பது அவர்களுக்குச் சனி முதல் வெள்ளி வரை, கணக்கு அடுத்த வியாழக்கிழமை வெளிவரும். உங்கள் வீட்டில் மீட்டர் இல்லை என்றால் உங்கள் ரசனை அந்த எண்ணில் நேரடியாகச் சேராது. ஆகவே அந்தப் பட்டியலில் மேலே இருப்பது நல்ல நிகழ்ச்சி என்றோ கீழே இருப்பது மோசம் என்றோ நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு விலை என்று பேரம் பேச உதவுகிற எண் அது. உங்கள் ரசனையை உங்கள் வீட்டு ரிமோட்டே முடிவு செய்யட்டும்.

கே: மலேசியாவில் தீபாவளிக்கு எங்கள் ஊர்க் கலைஞர்கள் நடித்த டெலிமூவிகள் வருகின்றன. தமிழ்நாட்டில் ஏன் அப்படி இல்லை? (வாசகி, கிள்ளான்)

ப: நீங்கள் சொன்னதும் பொறாமையாக இருந்தது, மனசாரச் சொல்கிறேன். அஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள் தீபாவளிக்கென்றே ஒன்றரை மணி நேரக் கதைகளை உள்ளூர் இயக்குநர்கள், உள்ளூர் நடிகர்களை வைத்து எடுக்கின்றன. தோட்டப்புற வாழ்க்கை, நகரத்துக்குப் போன பிள்ளை, பெருநாளுக்கு வீடு திரும்புகிற அண்ணன் என்று அந்த மண்ணின் பேச்சிலேயே கதை போகும். சிங்கப்பூரில் வசந்தம் ஒளிவழி தீபாவளிக்கு முந்தைய இரவு லிட்டில் இந்தியாவிலிருந்து கலைநிகழ்ச்சியை நேரலையாகக் காட்டுகிறது. சின்ன மக்கள்தொகை, குறைந்த செலவு, ஆனால் அந்த ஒரு நாளுக்காகவே உருவாக்கியது.

இங்கே சினிமா பக்கத்திலேயே இருப்பதால் வந்த வினை இது. கையில் ஆயிரக்கணக்கான படங்களின் உரிமை இருக்கும்போது புதிதாக ஒரு கதை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. நம் சேனல்களிடம் நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், ஆண்டு முழுக்கச் சீரியல் எடுக்கிற ஸ்டூடியோக்களும் கலைஞர்களும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று ஒவ்வொரு சேனலும் தொண்ணூறு நிமிடக் கதை எடுத்தால் போதும், ஐந்து வருடத்தில் ஒரு தலைமுறை இயக்குநர்கள் உருவாகிவிடுவார்கள். இதை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

கே: பொங்கல் அன்று டிவியையே போடக் கூடாது என்கிறார் என் மாமியார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகி, கும்பகோணம்)

ப: உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி என்பேன். பானை பொங்குகிற நேரத்தில் எல்லாரும் அடுப்படியில் இருக்க வேண்டும், அப்போது டிவி வேண்டாம். உறவினர் வந்து உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டாம், வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை. சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் சாய்ந்திருக்கிற நேரத்தில் ஒரு நல்ல நிகழ்ச்சியை எல்லாருமாகப் பார்ப்பதில் என்ன தப்பு? காலையிலேயே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, இது ஒன்று, அது ஒன்று என்று தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை அத்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

கே: என் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. டிவியால் அவருக்குப் பயனில்லை. இந்த விடுமுறையில் அவர் ரசிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: வானொலி இருக்கிறது, ஐயா, அதுவும் தஞ்சாவூரில் இருந்துகொண்டு! தியாகராஜ ஆராதனை தை மாதத்தை ஒட்டித்தான் திருவையாற்றில் வருகிறது. தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில் காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவதை அகில இந்திய வானொலி நேரடியாக ஒலிபரப்புகிறது, தூர்தர்ஷனிலும் வரும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகமும் வரிசையாக வரும். அம்மாவுக்குப் பாட்டுத் தெரிந்திருந்தால் கூடவே பாடுவார். வீட்டில் ரேடியோ இல்லை என்றால் பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், திருச்சி நிலையம் உள்படத் தமிழ் வானொலி நிலையங்கள் அதில் கிடைக்கும். மார்கழி முடிவதற்குள் அதைச் செய்துவிட்டால் காலையில் திருப்பாவையும் கேட்கலாம். போன் ஒலி அவருக்குப் போதாது என்றால் ஒரு சிறிய ஸ்பீக்கரை இணைத்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் தடவிப் பார்த்து அவரே இயக்கிக்கொள்வார்.